சாம்பிள் அக்காவும் பெரியவரின் கிளட்சும்

லாரிக்குப் போடுகிற ரப்பரைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். கண்ணுக்கு அப்புறம்தான் வேலை. ஒரு கண்ணை மூடி, மூச்சை இழுத்து, குழம்பில் உப்பு சரியா என்று பார்ப்பவரைப்போல ஒரு விநாடி அப்படியே நிற்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்துவார். அழுத்திய இடம் சட்டென்று எழும்பினால் நல்ல சரக்கு. எழும்புவதற்கு யோசித்தால், "தம்பி, இந்தத் தெருவுக்கு நான் வர்றதுக்கு முந்தியே இது உங்க கடைக்கு வந்திருச்சு போல. எடுத்து உள்ள வைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துத்தான் என்ன ஆகப்போகிறது, நாளைக்கும் வந்து நிற்கப்போகிறவர் அவர்தானே!

உதிரிபாகத் தெருவில் அவருக்குப் பெயர் சாம்பிள் அக்கா. எந்தச் சாமானையும் வாயால் கேட்கமாட்டார். தோள்பையைத் திறந்து, சாப்பாடு கொண்டுபோகிற எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து, மேசைமேல் வைத்து மூடியைத் திறப்பார். உள்ளே பழைய துணியில் சுற்றி, தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி, கெட்டுப்போன சாமான் படுத்திருக்கும். "இதே மாதிரி ஒண்ணு. மாதிரின்னா இதேதான். தங்கச்சி, சித்தி பொண்ணு எல்லாம் காட்டாதீங்க." புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு விற்பனையாளர் டப்பாவைப் பார்த்துவிட்டு, "வேணாங்க அக்கா, இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொன்ன கதையை அந்தத் தெரு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

இந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்த கதையும் சிரிப்புக்கதைதான். அக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். தங்கமான மனுஷன். ஆனால் அவருக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டு: 'வேணாம்'. ஒருமுறை ஃபேன் பெல்ட் வாங்கப் போனவர், பெல்ட்டோடு ஒரு பக்கக் கண்ணாடி, இரண்டு பல்பு, டேஷ்போர்டில் ஒட்டுகிற தலையாட்டி பொம்மை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"வேணாம்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

"அவர் ஆசையா எடுத்து எடுத்துக் காட்டினார்மா. மனசு கஷ்டப்படும்ல."

அன்றோடு சாமான் வாங்குவது அக்காவின் இலாகாவாகிவிட்டது. ஹாரனும் அப்படித்தான். வீட்டுக்காரர் ஓட்டுவார், அடிக்கமாட்டார். முன்னால் ஒரு தள்ளுவண்டி நடுச்சாலையில் நின்று கதை பேசினாலும் பொறுமையாகப் பின்னால் நிற்பார். "அவருக்கும் ஏதாவது இருக்கும்ல" என்பார். பக்கத்து சீட்டிலிருந்து அக்கா எட்டிக் கையை நீட்டி ஒரு அழுத்து அழுத்துவார். தள்ளுவண்டி துள்ளிக்கொண்டு ஒதுங்கும். "ஸ்டியரிங் அவருக்கு, ஹாரன் எனக்கு. எங்க வீட்டுப் பாகப்பிரிவினை அவ்வளவுதான்" என்று அக்கா சொல்லாத ஆள் கிடையாது.

அந்த லாரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பெரியவர். மூக்கு துருத்திய பழைய காலத்து வண்டி. பச்சைச் சாயம் உரிந்த இடத்தில் நீலம் தெரியும், நீலம் உரிந்த இடத்தில் எந்தக் காலத்து மஞ்சளோ தெரியும். இடப்பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத்தான் திறக்கவேண்டும். செய்கிற தொழில் வீடு மாற்றுவது. ஒரு குடும்பத்தின் கட்டில், பீரோ, பாத்திரம், தலையணை, சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் ஒரு தெருவிலிருந்து எடுத்து இன்னொரு தெருவில் இறக்கிவைப்பது. கண்ணாடிச் சாமான் கட்டுவது அக்கா. அவர் கட்டிய பெட்டியில் ஒரு டம்ளர்கூட இதுவரை விரிசல் விட்டதில்லை. அந்தப் பெட்டிகள் குலுங்காமல் ஓட்டுவது வீட்டுக்காரர். இருவரும் வேலை செய்யும்போது பார்க்கவேண்டும். பீரோவை மாடிப்படியில் இறக்கும்போது ஒருவர் 'ம்' என்றால் மற்றவருக்கு அது வலமா இடமா என்று தெரியும்.

அப்படிப்பட்ட பெரியவருக்குத்தான் முழங்கால் போய்விட்டது. அக்கா சொன்னபடியே சொல்கிறேன், "கிளட்ச மிதிச்சா சேத்துல கால விட்ட மாதிரி உள்ள போகுது. போனது திரும்பி வரமாட்டேங்குது."

விஷயம் பெரிய ரகசியமில்லை. இந்த வண்டியில் கிளட்சுக்குக் கம்பி கிடையாது, எண்ணெய்தான். மேலே பெடலோடு ஒரு சிலிண்டர், அதன் பெயர் மாஸ்டர். கீழே கியர்பெட்டி பக்கத்தில் இன்னொரு சிலிண்டர். நடுவில் ஒரு குழாய். காலை வைத்து அழுத்தினால் மேலே இருப்பது எண்ணெயைத் தள்ளும், அந்தத் தள்ளலில் கீழே இருப்பது கிளட்சை விலக்கும், கியர் விழும். இரண்டுக்குள்ளும் சின்னதாக ரப்பர் கிண்ணங்கள் உண்டு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. அவை கெட்டாலோ, குழாய்க்குள் காற்று புகுந்தாலோ, மிதிக்கிறவர் மிதித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். கியர் விழாது.

அது மேட்டுச் சாலையில், ஒரு குடும்பத்தின் மொத்த வீடும் பின்னால் ஏறியிருந்தபோது நடந்தது. வேறு லாரி வரவழைத்து, நடுரோட்டில் வைத்துச் சாமானெல்லாம் மாற்றினார்கள். அந்த வீட்டு அம்மாளின் ஆளுயரக் கண்ணாடியை இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்றபோது அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மானம் போச்சே என்றிருந்தது.

அதைவிடப் பெரிய இடி வீட்டில் காத்திருந்தது. பெரியவர் படுத்துவிட்ட செய்தி காற்றில் போய், பழைய இரும்புக்காரர் வந்துவிட்டார். "சனிக்கிழமை கிரேன் கொண்டாந்து தூக்கிக்கவா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். நம்மவர் என்ன சொல்லியிருப்பார்? "சரி." அதே நாள் சாயங்காலம் பெரியப்பா மகன் போன் பண்ணி, "எங்க கம்பெனில நெடுந்தூர லாரிக்கு ஆள் வேணும், மாசத்துக்கு ஒருதடவை வீட்டுக்கு வரலாம், வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கும் "சரி." ஒரே நாளில் இரண்டு சரி! டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவுக்கு இரண்டும் சேர்ந்தே வந்து விழுந்தன.

"வண்டி போனா போகுதுன்னு வைங்க. அந்தப் பக்கத்து சீட்டு எங்க போய்க் கிடைக்கும் எனக்கு?" என்று கேட்டார் அக்கா. இதுதான் அக்காவின் கவலை, ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. கல்யாணம் ஆன புதிதில் ஏறி உட்கார்ந்த சீட் அது. வாழ்க்கையில் பேசினதெல்லாம் அந்த சீட்டிலிருந்து பேசினது. இனி அவர் எங்கோ கண்காணாத சாலையில் கம்பெனி லாரி ஓட்டுவார், இவர் வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேசவேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள பெரியவர் எழுந்து நடந்துட்டா?"

"நடந்துட்டா... நீயே இரும்புக்காரர்கிட்ட சொல்லிடேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? சரின்னு சொன்ன வாய்தான் இல்லன்னும் சொல்லணும்."

அத்தோடு பேச்சு நின்றது. நின்றது என்றால் அவரோடு மட்டும். மற்றதெல்லாம் கூடவே இருக்கும் கொழுந்தன் வழியாக நடந்தது. "உங்க அண்ணனைச் சாப்பிட வரச் சொல்லு." அண்ணன் ஓரடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "சாப்பிட்டாச்சுன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லு" என்பார் அவரும். நடுவில் தபால்காரனாகிப்போன கொழுந்தன் இரண்டே நாளில் இளைத்துப்போனான்.

ஆனால் ஒன்று. தேடப் புறப்படும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும்! கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் தோற்றார். கீழ் சிலிண்டரை வீட்டுக்காரர் கழற்றி, அக்காவின் பை அழுக்காகக் கூடாது என்று சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி, துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து வாசற்படியில் தயாராக வைத்திருந்தார். பேச்சுத்தான் இல்லை. இந்த மாதிரி காரியமெல்லாம் உண்டு.

உதிரிபாகத் தெருவில் அன்றைக்கு ஒரே கூத்து. "அந்த வண்டிக்கா? அக்கா, அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க." "இதை எந்தக் கண்காட்சியிலயாவது கேளுங்க." "எங்க அப்பா காலத்துல பார்த்தது." ஒவ்வொரு 'இல்லை'க்கும் அக்காவின் கண் இன்னும் பிரகாசமாகும். இல்லை என்று கேட்பதில் அவருக்குத் துளியும் வருத்தமில்லை. "இல்லன்னு சொன்னாதான் எங்க இருக்கும்னு அடுத்த கேள்வி கேக்க முடியும். இருக்கு, நாளைக்கு வாங்கன்னு சொல்றவன்தான் ஆபத்தான ஆளு" என்பது அவர் அனுபவம். அப்படியே கடை கடையாகக் கேட்டுக் கேட்டு, தெருக்கோடியில் ரப்பர் சாமான் மட்டும் விற்கிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஏணியை எடுத்தார். பரணில் ஏறி, தும்மி, இன்னொருமுறை தும்மி, ஒரு பழைய பிஸ்கட் தகரத்தோடு இறங்கினார். உள்ளே உறை பிரிக்காத ரப்பர் கிட் கிடந்தது.

அக்கா முகர்ந்தார். நகத்தால் அழுத்தினார். எழும்பியது!

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

அன்று மாலையே அண்ணனும் தம்பியுமாக ரப்பரை மாட்டி, தொட்டியில் குறைந்திருந்த எண்ணெயை நிரப்பினார்கள். பெரியவர் எழுந்தார். தெருவை ஒரு சுற்று சுற்றினார். அக்கா பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி, ஆள் இல்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பேச்சைக்கூட ஆரம்பித்திருப்பார், ஆனால் சனிக்கிழமை விஷயத்தைப் பற்றி வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை என்பதால் வீம்பாக இருந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் பெடல் மறுபடியும் தரையோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் லாரிக்கு அடியில் போய்ச் சிலிண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். ரப்பர் வெளியே வரவில்லை. ராத்திரி ஊறப்போட்ட பயறு மாதிரி ஊதிப்போய், உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. புது ரப்பர் மூன்றே நாளில் ஊதுமா? ரப்பர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் அக்காவின் மூக்கு அவ்வளவு லேசில் விடுமா? குனிந்து, சிலிண்டரிலிருந்து சொட்டிய எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். ஒரு கண் மூடியது. திறந்தது.

"இது பிரேக் ஆயில் இல்ல. இஞ்சின் ஆயில் நெடி அடிக்குது."

கிளட்ச் தொட்டியில் பிரேக் ஆயில்தான் ஊற்றவேண்டும். இஞ்சின் ஆயில் பட்டால் அந்த ரப்பருக்குச் சாவு. யார் ஊற்றினது? அக்கா திரும்பிப் பார்த்தார். கொழுந்தன் அப்போதுதான் ஆகாயத்தில் ஏதோ பறவையைக் கண்டுபிடித்தவன்போல் நின்றிருந்தான்.

"போன வாரம் தொட்டில கொஞ்சம் கம்மியா இருந்துச்சு அண்ணி. கையில அந்த டப்பாதான் இருந்துச்சு. எண்ணெய்னா எண்ணெய்தானேன்னு..."

"எண்ணெய்னா எண்ணெய்தானா? உன் தலைக்கும் அதையே தேய்ச்சு விடட்டுமா?"

முதலிலேயே அக்கா முகர்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அவர் கைக்கு வந்தது சோப்புப் போட்டுக் குளித்து வந்த சிலிண்டர் அல்லவா! வீட்டுக்காரரின் அன்பு வேலையைக் கெடுத்துவிட்டது. இதை நினைத்ததும் அக்காவுக்கு இவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கச் சமையலறைக்குள் போனார். அந்த இடைவெளியில் கொழுந்தன், செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக, சிக்கின ரப்பரை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டான். ரப்பரும் வந்தது. சிலிண்டரின் உள்சுவரில் நீளமாக ஒரு கீறலும் வந்தது. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கவேண்டிய இடம் அது. கீறல் விழுந்தால் எந்த ரப்பரும் நிற்காது. இனி ரப்பர் போதாது, சிலிண்டரே வேண்டும். ஆள் நல்லவன், கைதான் மூளைக்கு முந்திக்கொள்ளும் என்று அக்கா பிறகு சொன்னார். அப்போது சொன்னதை எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை. அக்கா ஓட்டமும் நடையுமாக ரப்பர் கடைக்காரரிடம் போனார். அவர் மேலேயும் கீழேயும் போடவேண்டிய இரண்டு கிட்டையும் எடுத்துக் கொடுத்தார். "சிலிண்டர் மட்டும் எங்கயும் கிடைக்காதும்மா." அக்கா காத்திருந்தார். இல்லை என்பதற்குப் பிறகுதானே விஷயம் வரும். கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தேடி, கண்டுபிடித்து, கண்ணில் மாட்டினார். "ஒண்ணு இருக்கு. அந்தக் கம்பெனி இதே சிலிண்டரை அவங்க பஸ்லயும் போட்டாங்க. அந்த பஸ் ஒண்ணு ரொம்ப நாளா இரும்புக்காரர் கிடங்குல கிடக்கு. இப்ப அதுல கோழிதான் குடும்பம் நடத்துது."

"எந்த இரும்புக்காரர்?"

அதே இரும்புக்காரர்தான். நாளைக் காலையில் கிரேனோடு வரப்போகிறவர்.

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள். அக்கா யோசிக்கவில்லை. நடக்கும்போதே பையிலிருந்து ஸ்பேனரைத் தேடத் தொடங்கிவிட்டார்.

கிடங்கு வாசலில் பெரிய தராசு. அதன்மேல் சாயத்தால் எழுதிய பலகை: 'தட்டில் ஏறினால் விற்றது.' அது அந்த மனிதரின் தொழில் வழக்கம். வாங்கினாலும் விற்றாலும், தராசுத் தட்டில் ஏறிய பிறகு மனசு மாற இடமில்லை. இல்லாவிட்டால் இரும்பு வியாபாரத்தில் நாள் முழுக்க வழக்குத்தான் நடக்கும் என்பார். அக்கா போனபோது அவர் யாரோ கொண்டுவந்த ஜன்னல் கம்பிகளை எடை போட்டுக்கொண்டு, காதில் போனோடு கத்திக்கொண்டிருந்தார். "பழைய பஸ்ல ஒரு சின்னச் சாமான், நானே கழட்டிக்கவா?" என்று கேட்டதற்கு, போ போ என்று கையை ஆட்டினார்.

பஸ்ஸுக்கு அடியில் அக்கா படுத்து நுழைந்ததைப் பார்த்து ஒரு சேவல் கொக்கரித்தது. அடியில் ஒரே எச்சமும் இறகும். கியர்பெட்டி ஓரத்தைக் கையால் துடைத்தார். இருந்தது! அதே உடம்பு, அதே காது, அதே இரண்டு போல்ட். "அடி என் ராசாத்தி, இங்கயா ஒளிஞ்சிருக்க?" என்று அக்கா சத்தமாகவே கேட்டார். போல்ட்டுகள் முரண்டு பிடித்தன. அக்காவும் பிடித்தார். கழன்று கைக்கு வந்ததும் உள்ளே விரலை விட்டுத் தடவினார். பழைய ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அது கிடக்கட்டும், சுவர் வழவழவென்று இருந்தது. தலையில் இறகோடு ஓடிவந்து சிலிண்டரைத் தராசுத் தட்டில் வைத்தார்.

இரும்புக்காரர் போனை வைக்காமலே பழக்கதோஷத்தில் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்லி, "ம், எடுத்துக்குங்க" என்றார். அப்புறம்தான் ஆளைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். போனை மெல்லக் கீழே இறக்கினார்.

"அக்கா... இது பெரியவருக்கா?"

"ஆமா."

"நாளைக்கு நான் தூக்கப்போற வண்டிக்கு, என் கிடங்குலயே வந்து..."

"தட்டுல ஏறினா வித்தது. நான் எழுதல, நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க."

இரும்புக்காரர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "வித்தாச்சு, எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. உங்க வீட்டுக்காரர் வாக்குக் குடுத்திருக்கார். அதுவும் தட்டுல ஏறின மாதிரிதான். வாசல்ல வந்து நிப்பேன், அவரே அவர் வாயால வேணாம்னு சொல்லட்டும், பேசாம திரும்பிப் போறேன். நீங்க சொன்னா செல்லாது."

சொல்லிவிட்டு இன்னொருமுறை சிரித்தார். அவரால் வேணாம் சொல்ல வராது என்று ஊருக்கே தெரியும். அக்கா சிரிக்கவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. பழைய எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வடித்து, குழாயைப் பிரேக் ஆயிலால் கழுவி, மேலும் கீழும் புது ரப்பர் போட்டு, கோழிவீட்டுச் சிலிண்டரை மாட்டியாயிற்று. கொழுந்தனுக்கு வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இடம். "வண்டி மேல உன் நிழல் பட்டாக்கூட நான் பொல்லாதவளாயிடுவேன்" என்று சொல்லியாகிவிட்டது.

மீதி இருந்தது ஒன்றுதான், ஏர் எடுப்பது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலில். ஒருவர் அடியில் படுத்து, சிலிண்டரின் நிப்பிளில், அதாவது காற்று விடுகிற சின்னத் திருகில், ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் பாட்டிலில் விட்டு, ஸ்பேனரோடு. மேலே இருப்பவர் அழுத்திப் பிடிக்கும்போது கீழே நிப்பிளைத் திறக்கவேண்டும். காற்று குமிழ் குமிழாக வரும். மூடியபிறகுதான் மேலே காலை எடுக்கலாம். நடுவில் எடுத்தால் வந்த காற்றெல்லாம் உள்ளே திரும்பிப் போய்விடும், முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். தபால்காரனோ கேட்டுக்கு அந்தப் பக்கம்.

அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அமுக்கு" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

அக்கா அமுக்கினார். கால் தரைவரை போனது. "அமுக்கியாச்சு" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு.

"பிடிச்சுக்க."

"பிடிச்சிருக்கேன்."

ஸ்பேனர் திரும்பியது. கொளகொளவென்று சத்தம். நிப்பிள் மூடியது. "விடு."

"விட்டாச்சு."

அமுக்கு, அமுக்கியாச்சு, பிடிச்சுக்க, பிடிச்சிருக்கேன், விடு, விட்டாச்சு. நாலைந்து முறைக்குப் பிறகு அக்காவின் குரலில் இருந்த விறைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "ஏங்க, குமிழ் குறையுதா?" என்று அவராகவே கேட்டுவிட்டார்.

"குறையுதும்மா. பெரிய பெரிய குமிழா வந்துச்சு, இப்ப கடுகு மாதிரி வருது."

"எனக்கு இங்க பெடல் கெட்டியாகுதுங்க! காலுக்குத் தெரியுது!"

"அப்படியா! இன்னும் ரெண்டு தடவை. அமுக்கு."

அமுக்கினார். "பிடிச்சுக்க" என்றார் அவர். நிப்பிள் திறந்தது. அந்த நேரத்தில்தான் தெருவில் கிரேன் திரும்பியது. கேட்டுக்கு நேரே குறுக்காக வந்து நின்றது. இரும்புக்காரர் இறங்கி, கொழுந்தன் கொடுத்த டீயை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நேராக வந்து முன்சக்கரத்தின் அருகே குனிந்தார்.

"அண்ணே, ஏத்திரலாமா?"

அக்காவின் உடம்பு சட்டென்று முன்னால் வந்தது. வழக்கமாக இந்நேரம் கதவைத் திறந்து குதித்து, இரும்புக்காரரைத் தெருமுனைவரை அனுப்பிவைத்திருப்பார். ஆனால் நிப்பிள் திறந்திருக்கிறது. காலை எடுத்தால் போச்சு. வேலை காலைக் கட்டிப்போட்டுவிட்டது. வாயை அவரே கட்டிக்கொண்டார், பல்லால் உதட்டைக் கடித்து.

பாட்டிலில் கடைசிக் குமிழ் ஒன்று வந்து உடைந்தது. ஸ்பேனர் திரும்பியது.

"அண்ணே?"

"...இல்லீங்க" என்றது அடிக்குரல்.

"என்ன சொன்னீங்க? கிரேன் சத்தத்துல கேக்கல." இரும்புக்காரருக்கு உண்மையிலேயே கேட்கவில்லையோ, வேண்டுமென்றேதான் கேட்டாரோ, அவருக்கே வெளிச்சம்.

அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். சொல்லுங்களேன், ஒரே ஒரு சொல், தொண்டைவரை வந்துடுச்சே, துப்புங்களேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"வேணாங்க!" என்றார் அவர். லாரியின் அடித்தகடு அதிர்ந்து அது இரண்டு மடங்காகக் கேட்டது. கேட்டுக்கு வெளியே இருந்த கொழுந்தன் டீயைக் கொட்டிக்கொண்டான். "பெரியவரைக் குடுக்கிறதா இல்ல! சரின்னு சொன்னது என் தப்பு. வேணாம்!"

ஒருமுறை வந்துவிட்டால் அந்தச் சொல் அவ்வளவு கஷ்டமில்லை போலும். இரண்டாம் முறை இன்னும் தெளிவாக வந்தது.

இரும்புக்காரர் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேலே அக்காவைப் பார்த்தார். "சரி, தட்டுலேருந்து இறக்கியாச்சு" என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷன். மறுபேச்சுப் பேசாமல் நகர்ந்தார். வேண்டாமென்ற டீயை இப்போது கொழுந்தனிடம் கேட்டு வாங்கிக் குடிக்கப் போனார். கிரேன் ஓட்டுநரும் இறங்கி அங்கேயே போய்ச் சேர்ந்துகொண்டார்.

"விடும்மா" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. அவர் நிப்பிளை மூடி வெகு நேரமாகியிருந்தது. அக்கா அப்போதுதான் காலை எடுத்தார்.

நெற்றியெல்லாம் எண்ணெயாக அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அக்கா நகர்ந்து தன் சீட்டுக்குப் போய், எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். "பெரியப்பா பையனுக்கும் ஒரு போன் போடணும்" என்றார் அவர், சாலையைப் பார்த்துக்கொண்டு. "போடுங்க. நீங்களே பேசுங்க" என்றார் அக்கா, தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

சாவி திரும்பியது. பெரியவர் இருமி, குலுங்கி, பேசத் தொடங்கினார். வீட்டுக்காரர் கிளட்சை ஒரே ஒரு தடவை மிதித்தார். கியர் 'டக்'கென்று வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. அக்கா "ஆஹா!" என்றார். பெரியவர் நாலடி நகர்ந்து நின்றார். கேட்டுக்கு வெளியே கிரேன் இன்னும் குறுக்கேதான் நின்றது. அதன் பக்கத்தில் மூன்று பேர் டீயும் கையுமாக, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்கள்போலக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பழக்கத்தில் அக்காவின் கை ஹாரனுக்கு நீண்டது. அங்கே வீட்டுக்காரரின் கை முந்திப் போய் அழுத்திக்கொண்டிருந்தது.